ஒரு முடக்குப் பால்

என் மகள் தன் அத்தை மகனை ‘அண்ணா’ என்று கூப்பிடுகிறாள். எங்கள் குடும்பங்களில் அத்தை மகனை யாரும் அப்படிக் கூப்பிடுவதில்லை. அவன் முறைக்காரன். பெண்பிள்ளைக்குப் பேச்சு வருவதற்கு முன்பே மச்சான் என்று சொல்லப் பழக்கி, சொன்னதும் கைதட்டிச் சிரிப்பார்கள். சவுதியிலிருந்து என் நாத்தனார் தன் மகனோடு லீவுக்கு வந்திருக்கும்போது, விருந்துக்கு வந்தவர்கள் யாராவது என் மகளைத் திருத்தப் பார்த்தால், என் மாமியார் கறிச்சட்டியிலிருந்து நிமிராமலேயே, “அவ சரியாத்தான் சொல்றா” என்று முடித்துவிடுவார். அதற்கு மேல் யாரும் கேட்டதில்லை.

அதற்குக் காரணம் என் கண்களுக்குக் கீழே இருக்கும் கட்டிகள் என்று சொன்னால் ஒருவருக்கும் விளங்காது. எனக்கே முழுதாக விளங்கியதா என்று தெரியவில்லை. அதனால் எழுதிப் பார்க்கிறேன்.

ஏற்காடு பஸ் ஸ்டாண்டிலிருந்து நடந்து வரும் தூரத்தில் எங்கள் கடை. மிளகு, காபித்தூள், கிராம்பு, மலைத்தேன், தைலம். கடைக்கு மேலே வீடு. மலைச்சரிவில் கட்டியதால் மாடியின் பின்கதவைத் திறந்தால் நேராகக் கொல்லை வரும். அங்கே குளியலறையும் ஒரு பேரிக்காய் மரமும். நான் சேலத்தில் பிறந்து வளர்ந்தவள். தாவரவியல் படித்துப் பட்டம் வாங்கியவள். அந்தப் படிப்புக்கு இந்த வீட்டில் கிடைத்த வேலை, பாட்டில்களுக்கு லேபிள் எழுதுவது. எந்தச் செடி, எந்த மாதம் எடுத்தது, எத்தனை நாள் வைக்கலாம் என்று கையால் எழுதி ஒட்டுவேன். லேபிள் இல்லாத பாட்டிலை என் கணவர் அலமாரித் தட்டில் வைக்க விடமாட்டார். “உள்ள என்ன இருக்குதுன்னு தெரியாம எப்புடிங்க வாங்குவாங்க?” என்பார். இதை இங்கே சொல்வதற்குக் காரணம் இருக்கிறது.

மகள் பிறந்து ஐந்தாறு மாதத்தில் என் கண்களுக்குக் கீழே குழி விழுந்தது. தூக்கமில்லாததால் வரும் கருமை இல்லை. கட்டைவிரலால் அழுத்தி எடுத்ததுபோல் இரண்டு பள்ளம். மாமி பார்க்கும்போதெல்லாம், “கண்ணு ரெண்டும் கெணத்துல கெடக்குதே கண்ணு” என்பார். கடைக்கு வரும், எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் என்னிடம் உடம்பு சரியில்லையா என்று கேட்டார். மகளுக்கு ஏழு மாதம் ஆனபோது ஸ்டுடியோவில் படம் எடுத்தோம். படத்தில் குழந்தை சிரிக்கிறது, இவர் நிமிர்ந்து நிற்கிறார், என் முகத்தில் இரண்டு ஓட்டைகள். அந்தப் படத்தைப் பீரோவுக்குப் பின்னால் வைத்தேன். வைத்தது யார் என்று மாமி கேட்டபோது தெரியாது என்றேன். அதுதான் முதல் பொய்.

அடுத்த மாதம் அம்மா வீட்டுக்குப் போயிருந்தபோது, என்னுடன் கல்லூரியில் படித்தவள் அழகு நிலையம் தொடங்கியிருப்பதாகச் சொல்லி அழைத்தாள். பெங்களூரிலிருந்து மாதம் ஒரு முறை டாக்டர் வருகிறாராம். குழி இருக்கும் இடத்தில் ஊசியால் ஏதோ நிரப்புவாராம். வெளிநாட்டு மருந்து, கால் மணி நேரம், தழும்பு இருக்காது. முதலில் போட்டுக்கொள்கிற தெரிந்தவர்களுக்குக் காசில்லை என்றாள். படியேறும்போது என் காதில், “பால் குடுக்கறேன்னு மட்டும் சொல்லிராதடி. போட மாட்டார்” என்றாள்.

அவள் சொல்லாமல் இருந்திருந்தால் நான் உண்மையைச் சொல்லியிருப்பேனா? பல முறை யோசித்திருக்கிறேன். சொல்லியிருப்பேன் என்றுதான் நினைக்க ஆசை.

டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டே கேட்டார். “குழந்தைக்குப் பால் கொடுக்கறீங்களா?”

“நிறுத்திட்டேன்.”

அவர் மேலே எதுவும் கேட்கவில்லை. மேசைமேல் சின்னக் கண்ணாடிப் புட்டி இருந்தது. அதில் ஒட்டியிருந்த தாள் பாதி கிழிந்திருந்தது. நான் அதைப் பார்த்தேன். எழுத்துகளைப் படிக்கக் கையை நீட்டவில்லை. பாட்டில்களுக்கு லேபிள் எழுதுகிறவள், என் முகத்துக்குள் போகிற மருந்தின் பெயரைக் கேட்கவில்லை. ஒரு மணி நேரத்தில் அம்மா வீட்டுக்குத் திரும்பி, பசியில் கைகாலை உதைத்துக்கொண்டிருந்த மகளை மடியில் போட்டுப் பால் கொடுத்தேன்.

முதல் வாரம் குழி மறைந்திருந்தது. கண்ணாடி பார்க்கச் சந்தோஷமாக இருந்தது, பொய் சொல்வதற்கில்லை. மாமிகூட, “அம்மா ஊட்டுச் சோறு பிடிச்சிருக்குது” என்றார். பத்தாம் நாள் முகம் கழுவும்போது இடது கண்ணுக்குக் கீழே ஓர் அரிசி தட்டுப்பட்டது. இரண்டு நாளில் அது உளுந்தானது. பிறகு அதன் பக்கத்தில் இன்னொன்று. வலது பக்கம் ஒன்றே ஒன்று, பட்டாணி அளவுக்கு, தோலுக்கு அடியில் லேசான நீலமாகத் தெரிந்தது. சும்மா இருந்தால் கொஞ்சம் மறையும். சிரித்தால் மூன்றும் மேலே ஏறி நிற்கும். அதனால் சிரிப்பதை விட்டேன். முக்காட்டை நெற்றிவரை இழுத்துக்கொண்டேன். விரலால் அழுத்திப் பார்ப்பேன். நழுவிப் போய்த் திரும்ப வரும்.

காபி பூத்திருந்த நேரம். கொல்லைக்குப் போனபோது பூச்சி கடித்துவிட்டது என்றேன். மாமி நம்பினார். பூச்சிக்கடிக்குச் சுண்ணாம்பு வைப்பது வழக்கம். வெற்றிலைப் பெட்டியைத் திறந்து, என் தலையைத் தன் மடியில் சாய்த்து, கண்ணுக்குக் கீழே சுண்ணாம்பைத் தடவி, ஊதி ஊதி விட்டார். வேண்டாம் என்று சொல்ல என்னிடம் காரணம் இல்லை. தோல் உரிந்தது. கட்டி அப்படியே இருந்தது.

“ஒரே பூச்சி ரெண்டு கண்ணுலயும் பாத்துப் பாத்துக் கடிச்சிருக்குது பாருங்க” என்று நாத்தனார் சிரித்தாள். அவள் கணவர் அப்போதுதான் சவுதிக்குப் போயிருந்தார். அவள் ஒன்றரை வயது மகனோடு எங்களுடன் இருந்தாள். அவளுக்கு எதையும் கேலியாகத்தான் சொல்ல வரும். ஆனால் சிரித்தபின் என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மூன்றாவது வாரம், மாமி மிளகு காயப்போட மொட்டைமாடிக்குப் போன நேரத்தில், பஸ் ஸ்டாண்டு பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்த் தோழிக்குப் போன் செய்தேன். பூத்துக்காரருக்கு எங்கள் குடும்பத்தைத் தெரியும். கதவைச் சாத்தியும் மெதுவாகத்தான் பேச முடிந்தது.

“டாக்டர் இந்த மாசம் வரலடி. லேசா நீவி விடு.”

“கட்டி மூணாயிருச்சு. போகுமா, போகாதா?”

“ஏன் பயப்படற? அதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமா ரத்தத்துல கலந்து போயிரும்.”

அவள் தைரியம் சொல்வதற்காகத்தான் சொன்னாள். எனக்கு அந்த வார்த்தையில் காது அடைத்துவிட்டது. ரத்தத்தில் கலக்கும். ரத்தம்தான் பாலாகிறது. மூன்று வாரமாக மகள் குடித்துக்கொண்டிருக்கிறாள். பூத்திலிருந்து வீட்டுக்கு வந்த அந்தச் சின்னத் தூரத்தில் நான் முடிவு செய்தேன். டாக்டரிடம் சொன்ன பொய்யை அன்று மதியத்திலிருந்து உண்மையாக்கினேன்.

“பால் வத்திருச்சு மாமி.”

இந்த ஒரு வரியைச் சொன்ன பிறகு என்னவெல்லாம் வரும் என்று நான் யோசிக்கவில்லை. பால் வற்றிய பெண்ணை எங்கள் வீட்டில் சும்மா விடமாட்டார்கள். “ரெண்டு வருசம் பால் குடிக்கறது புள்ளயோட ஹக்கு, அதுக்குச் சேர வேண்டியது கண்ணு. அத எடுக்க நமக்கு உரிமையில்ல” என்றார் மாமி. சேலத்திலிருந்து பஸ் டிரைவரிடம் சொல்லிப் பால்சுறா வரவழைத்துப் புட்டு செய்தார். பூண்டை நெய்யில் வதக்கிக் கொடுத்தார். பள்ளிவாசல் அசரத்திடம் தண்ணீர் ஓதி வாங்கி வந்து, மூன்று வாய் என் கையில் ஊற்றிக் குடிக்க வைத்தார். நான் எல்லாவற்றையும் தின்றேன், குடித்தேன். சொன்னபடி கேட்கிற மருமகள். ஏற்கெனவே குறையாத பால் இன்னும் பெருகியது.

மார்பு கல்லாக இறுகி, காய்ச்சல் அடிக்கும். ஸ்வெட்டர்மேல் சால்வையும் போட்டு மறைத்துக்கொண்டு குளியலறைக்குப் போய் ஒரு கிண்ணத்தில் பீய்ச்சுவேன். தாய்ப்பாலைக் கால் படும் இடத்தில் ஊற்றக்கூடாது என்பார்கள். சாக்கடையில் ஊற்ற மனம் வரவில்லை. பேரிக்காய் மரத்தடியில் மண்ணைக் கிளறி ஊற்றி மூடுவேன். ஒரு நாளைக்கு நாலு தடவை, ஐந்து தடவை. கதவுக்கு அந்தப் பக்கம் மகள் பாட்டிலைத் தட்டிவிட்டு அழுவது கேட்கும். அவள் பாட்டில் ரப்பரை வாயில் வைக்கவே மறுத்தாள். பசும்பாலைச் சங்கில் ஊற்றினால் பாதியைத் துப்பினாள். நாலே நாளில் கன்னம் ஒட்டி, அவள் கண்ணுக்குக் கீழேயும் நிழல் விழுந்தது.

சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு தடவையும் கதவைத் திறப்பேன். திறந்ததும் மாமி கையில் ஏதாவது ஒரு கிண்ணத்தோடு நிற்பார். “இதைக் குடி கண்ணு, நாளைக்கு ஊறிரும்.” நான் வாங்கிக் குடிப்பேன்.

ஐந்தாம் நாள் மதியம். பனிமூட்டம் ஜன்னல் வரைக்கும் வந்து, பகலிலேயே விளக்குப் போட்டிருந்தோம். மகள் காலையிலிருந்து அழுதாள். தொண்டை கம்மி, கடைசியில் சத்தமில்லாமல் வாயை மட்டும் திறந்து அழுதாள். அவள் அழ அழ எனக்குப் பால் கட்டிக்கொண்டு தாங்க முடியவில்லை. அவளை நாத்தனாரிடம் கொடுத்துவிட்டுக் குளியலறைக்கு ஓடினேன். ஸ்வெட்டரையும் சால்வையையும் கொடியில் போட்டுவிட்டுக் கிண்ணத்தை எடுத்தபோது அழுகை சட்டென்று நின்றது.

அந்த மாதிரி நின்றால் ஒரு தாய் என்ன நினைப்பாள்? போட்டது போட்டபடி உள்ளே ஓடினேன்.

நாத்தனார் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். என் மகள் அவள் மார்பில் முகத்தைப் புதைத்து, கண்ணை மூடி, காது அசைய அசையக் குடித்துக்கொண்டிருந்தாள். மடக் மடக்கென்ற சத்தம் வாசல்வரை கேட்டது. நாத்தனாரின் மகன் பக்கத்தில் நின்று தன் இடம் பறிபோனதைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

“கோவிச்சுக்காதீங்க அண்ணி. நானும் பெத்தவதானுங்க. கேக்க முடியல” என்றாள்.

எனக்கு முதலில் வந்தது நிம்மதி. அதற்குப் பிறகுதான் மற்றது நினைவுக்கு வந்தது. மகளுக்குப் பெயர் வைத்த அன்று மாமி நாத்தனார் மகனின் கையை எடுத்து அவள் கைமேல் வைத்து, “இவ என்ற பேரனுக்கு” என்று சொல்லி எல்லோருக்கும் கல்கண்டு கொடுத்திருந்தார். வேறொரு பெண்ணின் பாலைக் குடித்த குழந்தை அவளுக்கு மகள் ஆகிவிடும். அவள் பெற்ற பிள்ளைகள் கூடப் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். அதற்குப்பின் அந்தக் கல்யாணம் ஹராம். நாங்கள் பின்பற்றும் முறையில் இத்தனை தடவை குடித்தால்தான் என்ற கணக்கும் இல்லை.

மாமி முறத்தில் மிளகோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார்.

“என்னடி பண்ற?”

“பாத்தாத் தெரியலீங்களா? பால் குடுக்கறேன்.”

“யா அல்லா! எடு, வாய எடு! முழுங்கிருச்சா?”

“அப்பவே முழுங்கியாச்சு. இப்ப எடுத்தா வெளிய வந்துருமாக்கும்?”

“ஒரு முடக்கு போதுமேடி! உன்ற பையனுக்கு இவ தங்கச்சி ஆயிட்டாளே. உனக்குத் தெரியாதா?”

“நொம்ப நல்லாத் தெரியும். இருவது வருசம் கழிச்சு ஆகப்போற கல்யாணத்துக்கு இன்னைக்கு இவ பட்டினி கெடக்கோணுமா? கேட்டுச் சொல்லுங்க உங்க பேத்திகிட்ட.”

மாமி முறத்தைக் கீழே வைத்தார். மிளகு கொஞ்சம் சிதறி ஓடியது. “இவளுக்கு மட்டும் வத்தாம இருந்திருந்தா…” என்று என் பக்கம் திரும்பியவர் பாதியில் நிறுத்தினார்.

நான் குனிந்து பார்த்தேன். மகள் குடிக்கும் சத்தத்துக்கே எனக்குப் பால் இறங்கிவிட்டது. ரவிக்கையின் இரண்டு பக்கமும் நனைந்து, சேலை இடுப்புவரை ஈரம். மறைக்கச் சால்வை இல்லை. கையில் கிண்ணம் வேறு இருந்தது.

“ஏங்கண்ணு” என்றார் மாமி, மிக மெதுவாக. “வத்துன மாருல இது எங்கிருந்து வருது?”

நின்றபடியே சொன்னேன். போட்டோவிலிருந்து தொடங்கி, டாக்டர் கேட்டது, நான் சொன்னது, புட்டி, போன், பேரிக்காய் மரம் எல்லாவற்றையும். நாத்தனார் குழந்தையை மறு பக்கம் மாற்றிப் போட்டுக்கொண்டு கேட்டாள். கேலி செய்யவில்லை. மாமி கிட்டே வந்து, சுண்ணாம்பில் உரிந்த இடத்தைக் கட்டைவிரலால் தொட்டார்.

“இதுக்கா நான் சுண்ணாம்பு வெச்சேன்?”

நான் கிண்ணத்தைக் கீழே வைத்தேன்.

“கண்ணு கெணத்துல கெடக்குதுன்னு நான் சொன்னது உன்னத் திங்கச் சொல்லி. ஊசி போடச் சொல்லியா?” அவர் அழுது நான் பார்த்தது அன்றுதான்.

கடையிலிருந்து மேலே வந்த என் கணவர் எல்லாம் கேட்டுவிட்டுச் சிதறிய மிளகைப் பொறுக்கி முறத்தில் போட்டார். பிறகு, “என்ன மருந்துன்னு லேபிள் பாத்தீங்களா?” என்று கேட்டார். கோபத்தில் கேட்கவில்லை. கடைக்காரர் கேட்கும் கேள்வியைத்தான் கேட்டார். இன்றுவரை எனக்கு எல்லாவற்றையும்விட அதுதான் வலிக்கிறது.

மறுநாள் காலை பஸ்ஸில் சேலம் இறங்கினோம். இவர் அழகு நிலையத்துக்குப் போனார். அந்த டாக்டர் இனி வரமாட்டார், மருந்தின் பெயர் தங்களுக்குத் தெரியாது என்றார்களாம். நான் தோல் டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தேன். வயதானவர், நிதானமாகப் பேசினார். கட்டிகளை ஒவ்வொன்றாகத் தடவிப் பார்த்தார்.

“சில மருந்து மாசக்கணக்குல தானாக் கரையும். சிலது கரையவே கரையாது. எது போட்டாங்கன்னு தெரியாம எதுவும் சொல்ல முடியாதும்மா. கண்ணு பக்கம்கிறதால இப்ப கத்தி வைக்க வேண்டாம். நீவாதீங்க, அழுத்தாதீங்க.”

“பாலுக்குப் போயிருக்குமா டாக்டர்?”

“போட்ட எடத்துலயே கட்டியா நிக்குது. போயிருக்கும்னு நான் நினைக்கல.” மகளின் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். “புள்ள நல்லாத்தான் இருக்கு. ஆனா என்ன மருந்துன்னே தெரியாம என்னால சத்தியம் பண்ண முடியாது.”

நான் எதிர்பார்த்துப் போனது ஒரு சத்தியத்தைத்தான். திரும்பி மலையேறும்போது இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் மகள் என் சால்வைக்குள் முகத்தை முட்டி முட்டித் தேடினாள். பக்கத்து சீட்டுக்காரப் பெண்மணி, “புள்ளைக்குப் பசி போலிருக்குதுங்க, குடுங்களேன்” என்றார். நினைக்கவில்லை என்றுதானே சொன்னார், கொடுத்தால் என்ன? சத்தியம் பண்ண முடியாது என்றாரே, எப்படிக் கொடுப்பது? ஒவ்வொரு வளைவிலும் மனம் ஒரு பக்கம் சாய்ந்தது. அடுத்த வளைவில் மறுபக்கம். வீடு வந்துவிட்டது. கொடுக்கவில்லை.

படியேறியதும் மாமி மகளை என் கையிலிருந்து வாங்கி நாத்தனார் மடியில் வைத்தார். “ஒரு முடக்கும் ஒண்ணுதான், ஒரு கொடமும் ஒண்ணுதான். ஆனது ஆச்சு. இனி நீயே குடு.”

அப்படித்தான் நடந்தது. இரண்டு வயது முடியும்வரை என் மகள் நாத்தனாரிடம் குடித்தாள். அவள் ஹக்கு அவளுக்குக் கிடைத்தது. நான் எதிரில் உட்கார்ந்து லேபிள் எழுதிக்கொண்டிருப்பேன். அவள் குடித்து முடித்து வாய் துடைக்க மட்டும் என்னிடம் வருவாள். எனக்குப் பால் நிஜமாக வற்ற இன்னும் ஒரு மாதம் ஆனது. அதுவரை மரத்தடிக்குப் போய்வந்தேன். இப்போது மறைக்க வேண்டியதில்லை. நான் கிண்ணத்தோடு போகும்போது எல்லோரும் வேறு பக்கம் பார்ப்பார்கள். அந்த வருடம் மரம் நிறையக் காய்த்தது என்று மாமி சொல்கிறார். ஒவ்வொரு வருடமும் அது அப்படித்தான் காய்க்கிறது.

இதெல்லாம் நடந்து மூன்றரை வருடம். உளுந்து இரண்டும் கொஞ்சம் சிறுத்திருக்கின்றன, அல்லது எனக்குப் பழகிவிட்டன. பட்டாணி அப்படியே இருக்கிறது. மகள் என் மடியில் படுத்துக்கொண்டு விரலால் அதை உருட்டுவாள். “இது என்னம்மா?” என்பாள். பூச்சி கடித்தது என்று வாய்வரை வரும். “ஊசி போட்டது” என்று சொல்லிவிடுவேன். வலித்ததா என்று கேட்பாள்.

இப்போது எனக்கு மறுபடியும் ஐந்தாம் மாதம். நாத்தனார் மகனோடு சவுதிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டாள். போன வாரம் மாமி பருப்பு புடைத்துக்கொண்டே, “இந்தத் தடவ அவ இங்கில்ல” என்றார். நான் தனியாகவே பஸ் ஏறிப் போய் அதே டாக்டரைப் பார்த்தேன். அவர் அதே பதிலைச் சொன்னார்; ‘நினைக்கல’ என்பதை மட்டும் இன்னும் கொஞ்சம் அழுத்திச் சொன்னதுபோல் இருந்தது. அல்லது நான் அப்படிக் கேட்டுக்கொண்டேன்.

வந்து இவரிடம், “இந்தப் புள்ளைக்கு நானே குடுக்கறேனுங்க” என்றேன். சரி என்றார். பயமில்லையா என்று கேட்பார் என எதிர்பார்த்தேன். கேட்டிருந்தால் ஏதாவது பதில் சொல்லிப் பார்த்திருப்பேன். அவர் பாட்டில்களைத் தட்டில் அடுக்கப் போய்விட்டார்.

இன்று காலை முகம் கழுவும்போது, அழுத்தக்கூடாது என்று தெரிந்தும், பட்டாணியை அழுத்திப் பார்த்தேன். நழுவிப் போய், இருந்த இடத்துக்கே வந்தது. கொடுக்கத்தான் போகிறேன். இன்னும் நாலு மாதம் இருக்கிறது.